துனிசியக் கடற்கரைக்குக் கூட்டாகப் போகிறீர்களா? முற்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

லண்டனில் நம் வீடுகளில் கோடை விடுமுறைப் பேச்சை எடுத்தாலே இப்போது துனிசியா வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேர விமானப் பயணம். கோடையில் நேர வித்தியாசம்கூடக் கிடையாது. சாப்பாடு, குடிக்க, பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் அடங்கிய பெரிய ஹோட்டல்கள் ஹம்மாமெத், சூஸ், போர்ட் எல் கந்தாவி, மொனாஸ்டிர், ஜெர்பா என்று கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. நாலு குடும்பம் சேர்ந்து போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை.

ஆனால் தனிக் குடும்பமாகப் போகும்போது சின்னதாகத் தெரிகிற சிக்கல், கூட்டமாகப் போகும்போது எல்லோரையும் இழுத்துவிடும். ஒருவருக்கு விசா வராவிட்டால் மற்றவர்களின் காசும் மாட்டிக்கொள்ளும். எங்கள் உறவுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது நான்தான். அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை ஆட்கள், வேறு வேறு நாட்டுக் கடவுச்சீட்டுகள். பல இடங்களில் விசாரித்து, அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பிரித்தானியாவில் இருந்து போகிறவர்களை நினைத்து எழுதியது இது. பிரான்ஸ், ஜெர்மனியில் இருக்கும் உறவினர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. ஹோட்டல் படம் பார்க்குமுன் கடவுச்சீட்டுகளைச் சேருங்கள்

வருவதாகச் சொன்ன ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் படப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. படம் கைக்கு வந்த பிறகே ஒருவரைக் கணக்கில் சேர்ப்பது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியும். பரவாயில்லை.

படம் வந்ததும் காலாவதித் திகதியைப் பாருங்கள். பயணம் முடிந்து ஆறு மாதமாவது மிச்சம் இருந்தால் எந்தக் கவுண்டரிலும் கேள்வி வராது. பிள்ளைகளின் பிரித்தானியக் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்பது பல பெற்றோருக்கு நினைவில் இருப்பதில்லை. நேற்று எடுத்தது போல இருக்கும், முடிந்து போயிருக்கும்.

அடுத்து, யார் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியக் கடவுச்சீட்டு: சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுகளுக்கும் அப்படித்தான்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு, அகதிகளுக்கான பயண ஆவணம்: இங்கேதான் கூட்டங்கள் உடைகின்றன. எங்களிடம் ஒரு முகவர், "அங்கே போய் இறங்கியதும் விசா தருவார்கள், பயப்படாதீர்கள்" என்று அடித்துச் சொன்னார். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறியது. யார் என்ன சொன்னாலும் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருக்கும் துனிசியத் தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசா எடுக்க வேண்டும் என்றால் ஹோட்டல் பதிவு, விமானப் பதிவு, வங்கிக் கணக்கு விபரம், வேலைக் கடிதம் போன்றவை கேட்பார்கள். வாரக்கணக்கில் ஆகலாம் என்று கணக்குப் போடுங்கள். அந்த ஒருவருக்காவது காசு திருப்பிக் கிடைக்கும் வகையிலோ, திகதி மாற்றக்கூடிய வகையிலோ பதிவு செய்வது நல்லது.

போவதைப் போலவே திரும்பி வருவதும் முக்கியம். பிரித்தானிய வதிவிட அனுமதி அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி, இப்போது எல்லாம் இணையவழி இ-விசாவாகிவிட்டது. புதுக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் அதன் எண்ணை இ-விசா கணக்கில் மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் துனிசிய விமான நிலையத்தில், திரும்பும் விமானத்துக்கான வரிசையில் நிறுத்திவைத்து விடுவார்கள். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தும் பழைய ஐரோப்பியக் கடவுச்சீட்டிலேயே பயணம் செய்து பழகியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2026 பெப்ரவரியில் இருந்து அவர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டையோ, அதற்கு ஈடான உரிமைச் சான்றையோ காட்டித்தான் திரும்பி வரலாம்.

பாரிஸில் இருந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்களை லண்டனுக்கு வரவழைத்துச் சேர்ந்து பறக்க வேண்டாம். இங்கே வர அவர்களுக்கு இப்போது இ.டி.ஏ. என்ற முன் அனுமதி வேண்டும். அங்கிருந்து துனிசியாவுக்கு நேரடி விமானங்கள் நிறைய இருக்கின்றன. ஹோட்டல் வாசலில் சந்தித்துக்கொள்ளலாம்.

2. பெயரை எங்கிருந்து எடுப்பது

நம் பெயர்களால் வருகிற தொல்லை வேறு சமூகத்தாருக்குப் புரியாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. சிலருடைய பெயர் இருபத்தைந்து எழுத்தைத் தாண்டும். வாட்ஸ்அப் குழுவில் இருப்பது வீட்டுப் பெயர். கல்யாணமான பெண்ணின் வங்கி அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொன்று.

விமானச்சீட்டில் போட வேண்டிய பெயர் கடவுச்சீட்டுப் படப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அம்புக்குறி போன்ற அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது மற்றப் பெயர்கள். இயந்திரம் வாசிக்கப் போவது இதைத்தான். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துப் பதியுங்கள். பிறகு ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் ஆள் கணக்கில் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

கைக்குழந்தையின் பிறந்த திகதியையும் பாருங்கள். திரும்பி வரும் நாளில் இரண்டு வயது நிறைந்திருந்தால் மடியில் வைத்து வர முடியாது, தனி இருக்கை வாங்க வேண்டும்.

3. எப்போது, எந்த ஊருக்கு

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெயில் 30 பாகையைத் தாண்டிக் கொளுத்தும், விலையும் உச்சத்தில் இருக்கும். கடலில் சொறிமுட்டை (ஜெலிமீன்) வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். யூன், செப்டெம்பர், ஒக்டோபர் தொடக்கம் மூன்றும் அருமையான காலம். கடல் சூடாக இருக்கும், வயதானவர்கள் பகலிலும் நடமாடலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அந்த மாதங்களுக்கு ஆசைப்படுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து நாள் பள்ளியைத் தவறவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியே 80 பவுண் தண்டம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தது 320 பவுண். மூன்று வருடத்துக்குள் மறுபடி நடந்தால் தொடக்கமே 160. தண்டம் கட்டியும் பயணம் மலிவு என்று சிலர் போகிறார்கள். அது அவரவர் முடிவு. ஆனால் கூட்டத்தில் உள்ள ஆசிரியர்களும் பரீட்சைப் பிள்ளைகளும் வர முடியாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊரைப் பொறுத்தவரை, முதன்முதலாகப் போகும் கூட்டத்துக்கு நான் சொல்வது யஸ்மின் ஹம்மாமெத் அல்லது போர்ட் எல் கந்தாவி. இரண்டுக்கும் என்பிதா விமான நிலையம் வசதி, பேருந்தில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் ஹோட்டலுக்குப் போய்விடலாம். மாலையில் முதியவர்கள் சமதரையில் காலாற நடக்க இரண்டிலும் படகுத்துறை இருக்கிறது. ஜெர்பா அமைதியான தீவு, ஆனால் வெளியூர் பார்க்க ஆசைப்பட்டால் எல்லாமே தூரம்.

4. பதிவும் பணமும்

ஏற்பாடு செய்கிறவர் தன் பெயரில் எல்லோருக்கும் ஒரே பதிவு போடுவதா, குடும்பத்துக்கு ஒன்றாகப் போடுவதா? நான் குடும்பத்துக்கு ஒன்று என்ற பக்கம். ஒரே பதிவில் முதல் பெயராக இருப்பவர்தான் நிறுவனத்தோடு பேச முடியும், மீதிப் பணத்துக்கும் அவரே பொறுப்பு. ஒரு குடும்பம் பின்வாங்கினால் அந்தச் சுமை முழுவதும் அவர் தலையில்தான். குடும்பத்துக்கு ஒன்றாகப் போட்டு, பதிவு எண்களை நிறுவனத்திடம் கொடுத்து, "இவை ஒரே கூட்டம், அறைகளை ஒரே கட்டடத்தில் தாருங்கள்" என்று குறிப்பு எழுதச் சொன்னால் போதும். பத்துப் பேருக்கு மேல் என்றால் குழு விலையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில வேளைகளில் அது தனிப் பதிவைவிடக் கூடுதலாக இருக்கும்.

விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பயணத்துக்கு அட்டோல் சான்றிதழ் கேளுங்கள். முற்பணம் கட்டியவுடன் தர வேண்டிய பத்திரம் அது. நிறுவனம் மூழ்கினாலும் காசு திரும்பும், அங்கே இருந்தால் வீடு கொண்டுவந்து சேர்ப்பார்கள். தெரிந்த ஆள், கோயிலில் பழக்கம் என்று ரொக்கமாகக் கட்டி, சான்றிதழ் இல்லாமல் வராதீர்கள்.

ஒவ்வொரு குடும்பமும் தன் கடனட்டையில் நேராகக் கட்டுவது இன்னும் பாதுகாப்பு. நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கும் சேவைக்கும் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. உங்கள் அட்டையில் ஊருக்கெல்லாம் கட்டி, அவர்களிடம் பிறகு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு மற்றவர்களின் பங்குக்குக் கிடைப்பது சிக்கலாகும். அப்புறம், பங்கைக் கேட்டு அலைகிற மனக்கசப்பும் மிஞ்சும்.

மீதித் தொகை பொதுவாகப் பயணத்துக்கு மூன்று மாதம் போல முன்னதாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் திகதிக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் குழுவுக்கு ஒரு திகதி வைத்துவிடுங்கள்.

யாராவது கடைசியில் வர முடியாவிட்டால் பதறாதீர்கள். 2018இன் பொதிப் பயண (விமானமும் ஹோட்டலும் சேர்ந்த "பேக்கேஜ்") விதிகளின்படி, ஏழு நாளாவது முன்னறிவித்தால் அந்த இடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மாற்றுச் செலவைக் கட்ட வேண்டும், அது விமானச்சீட்டின் விலைக்கே நெருங்கலாம். அதேபோல நிறுவனம் விலையை 8 வீதத்துக்கு மேல் கூட்டினால் தண்டம் இல்லாமல் விலகலாம். கிளம்ப 20 நாளுக்குள் விலையைக் கூட்டவே முடியாது.

5. காப்புறுதி

பதிவு செய்த அன்றே எடுங்கள். பயணத்துக்கு முதல் நாள் எடுத்தால், இடையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதற்கு ஒரு சதம் வராது.

ஜி.எச்.ஐ.சி. என்ற சுகாதார அட்டை துனிசியாவில் செல்லாது. கடற்கரை ஊர்களில் தனியார் மருத்துவமனைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முதலில் பணம் அல்லது காப்புறுதியின் உத்தரவாதம் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் சீனி, பிரஷர் இல்லாதவர் யார்? இரண்டையும் ஒளிக்காமல் அறிவியுங்கள். "மாத்திரையில் கட்டுப்பாடாகத்தானே இருக்கிறது" என்று சொல்லாமல் விட்டால், கோரிக்கை வைக்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். வயதானவர்களுக்குத் தனிக் காப்புறுதியும் மற்றவர்களுக்குக் குடும்பக் காப்புறுதியும் எடுத்தால் பெரும்பாலும் மலிவாக முடியும்.

சண்டை பிடிக்கும் இடம் இன்னொன்று உண்டு. நாலு சக்கர மணல் வண்டி, படகு இழுக்கும் பரசூட், ஒட்டகச் சவாரி ஆகியவற்றைப் பல காப்புறுதிகள் தனியே கட்டினால்தான் சேர்க்கும். பிள்ளைகள் அங்கே போய் அடம்பிடிக்குமுன் வீட்டிலேயே வாசித்துவிடுங்கள். பிரித்தானிய வெளியுறவுத் துறை போக வேண்டாம் என்று சொல்லும் லிபிய, அல்ஜீரிய எல்லைப் பகுதிகளுக்குப் போனாலும் காப்புறுதி செல்லாது. கடற்கரை ஊர்கள் அதில் அடங்காது. என்றாலும் பதிவு செய்யுமுன்னும் கிளம்புமுன்னும் அந்தத் துறையின் துனிசியப் பக்கத்தைப் பாருங்கள்.

6. பிள்ளைகளுக்கான காகிதங்கள்

நம் வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிறது, தாய்க்கோ அவருடைய தகப்பன் பெயர். தாயும் பிள்ளையும் மட்டும் வரும்போது கடவுச்சீட்டில் இருவரையும் சேர்க்கும் பெயர் எதுவும் இருக்காது. குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பார், அது அவருடைய வேலை. பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கையில் இருந்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

சித்தப்பாவோடு, அம்மம்மாவோடு வரும் பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். பிள்ளையின் பெயர், கடவுச்சீட்டு எண், யாரோடு போகிறது, எந்தத் திகதிகள், எந்த ஹோட்டல், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அவசர மருத்துவத்துக்குச் சம்மதம் என்று ஒரு வரியும் சேருங்கள். சட்டத்தரணியிடம் சான்றுபடுத்தினால் இன்னும் நல்லது.

7. டினார்

துனிசிய டினாரை நாட்டுக்குள் கொண்டுபோகவோ வெளியே கொண்டுவரவோ சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் இங்கே மாற்றத் தேடி அலைய வேண்டாம். அங்கே இறங்கிய பிறகு விமான நிலையத்திலோ ஹோட்டலிலோ மாற்றுங்கள், விலை எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பவுணுக்கு ஏறக்குறைய நாலு டினார் கிடைக்கும். ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து வங்கித் தாள்களை மாற்ற மாட்டார்கள், இங்கிலாந்து வங்கித் தாள்களையே கொண்டுபோங்கள்.

மாற்றும்போது தரும் ரசீதை எறியவே கூடாது. திரும்பும்போது மிச்ச டினாரைப் பவுணாக்க அதைக் கேட்பார்கள். கூட்டத்தில் ஒருவரை ரசீதுக்குப் பொறுப்பாக்கிவிடுங்கள்.

ஒரு டினாருக்கு 1000 மில்லிம். விலைப் பலகையில் 12,500 என்று இருந்தால் பன்னிரண்டரை டினார் என்று அர்த்தம். டாக்சி மீட்டரில் 4500 என்று ஓடினால் நாலரை டினார். அதை நாற்பத்தைந்து என்று வாசித்துக் கொடுத்துவிட்டு இறங்குகிறவர்கள் நிறைய. முதல் நாளே பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு பொதுப்பை வையுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று முதல் நாள் போட்டு, அறை சுத்தம் செய்பவர், பரிமாறுபவர், பேருந்துச் சாரதி எல்லோருக்குமான அன்பளிப்பை அதிலிருந்து கொடுங்கள். ஒன்று, இரண்டு டினார் நாணயங்கள் நிறையத் தேவைப்படும்.

8. இறங்கும் நாள்

விமான நிலையத்தில் கேட்காமலே ஒருவர் வந்து உங்கள் பெட்டியைத் தள்ளத் தொடங்கிவிடுவார். பேருந்தடியில் காசு கேட்பார். உதவி வேண்டும் என்றால் விடுங்கள், வேண்டாம் என்றால் முதலிலேயே பெட்டியில் கை வைத்துச் சொல்லிவிடுங்கள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், முன் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள். தொலைபேசி இணைப்புக்கும் எச்சரிக்கை: துனிசியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, உங்கள் இங்கிலாந்து சிம்மில் படம் பார்த்தால் பில் வயிற்றைக் கலக்கும். விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உரிடு, ஒரேஞ்ச், துனிசி டெலிகொம் சிம் ஒன்றை வாங்கலாம்.

ஹோட்டலில் ஒவ்வொருவருக்கும் பதிவுப் படிவம் நிரப்பக் கேட்பார்கள். களைத்த கூட்டம், அழுகிற பிள்ளைகள், ஒரே பேனா. இதற்கென்றே பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த திகதி, அறைப் பங்கீடு அச்சிட்ட ஒரு தாளைக் கொண்டுபோய் வரவேற்பு மேசையில் நீட்டுங்கள். வேலை பாதியாகக் குறையும். சுற்றுலா வரியும் அங்கேதான் கட்ட வேண்டும். ஆளுக்கு, இரவுக்கு என்ற கணக்கு, நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும், பன்னிரண்டு வயதுக்குக் கீழே இல்லை. பொதி விலையில் பெரும்பாலும் இது அடங்காததால் தொகையை முன்கூட்டியே கேட்டு எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கீழ்த்தளத்து அறை கேட்டது கிடைக்காவிட்டால் அந்த நேரமே, பெட்டி பிரிக்குமுன், அமைதியாகத் திரும்பிப் போய்க் கேளுங்கள். அடுத்த நாள் அறைகள் காலியாகும்போது மாற்றித் தருவார்கள்.

9. சாப்பாடு

பன்றி இறைச்சி பற்றிய கவலை வேண்டாம். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவக்காரரும்தான் கவனிக்க வேண்டும். துனிசியர்களுக்கு டூனா மீன் என்றால் உயிர். மரக்கறிச் சலாது என்று எழுதியிருக்கும், மேலே டூனாவும் முட்டையும் உட்கார்ந்திருக்கும். சுட்ட மிளகாயும் தக்காளியும் மசித்த மெஷுயா, மெல்லிய மாவில் பொரித்த பிரிக், எதைக் கேட்டாலும் அதற்குள் டூனா இருக்கலாம். மரக்கறி குஸ்குஸின் குழம்பு ஆட்டிறைச்சியோடு கொதித்ததாக இருக்கும், பரிமாறும்போது மட்டும் இறைச்சியைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்களுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், இப்படிச் சொல்லுங்கள்: "சான் வியான்ட், சான் புலே, சான் புவாசோன்." இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லியாகிறது. முதல் நாள் இரவே தலைமைச் சமையற்காரரைப் பார்த்து, எத்தனை பேர் சைவம் என்று சொன்னால், மறுநாளிலிருந்து தனியாக ஒரு சட்டி வைக்கிற ஹோட்டல்கள் உண்டு. எங்களுக்கு வைத்தார்கள். கொண்டைக்கடலையும் பூசணியும் போட்ட குழம்பை அம்மம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

இடிசம்பல் தேடும் நாக்குக்கு ஹரிஸா இருக்கிறது. காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி, ஒலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்தது. பாணில் தடவித் தொடங்குங்கள், ஊறுகாய்ப் போத்தல் பெட்டியிலேயே கிடக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் போத்தல் தண்ணீரையே பாவியுங்கள். இன்சுலினும் அன்றாட மாத்திரைகளும் மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். அறையில் குளிர்ப்பெட்டி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

10. நீச்சல் குளமும் கடலும்

இதை மட்டும் தயவுசெய்து வாசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். நம் கூட்டங்களில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு நீந்தத் தெரியாது. "எல்லோரும் இருக்கிறார்களே" என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போது பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை. எந்த நேரமும் காவலர் நிற்பார் என்று நம்பாதீர்கள். அரை மணிக்கு ஒரு பெரியவர், நீந்தத் தெரிந்தவர், கையில் தொலைபேசி இல்லாமல், பிள்ளைகளை மட்டும் பார்ப்பது என்று முறை போடுங்கள். பொறுப்பு மாறும்போது "இனி நான்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

நீச்சல் உடை இல்லாமல் பருத்திச் சுரிதாரோடும் டி-சேர்ட்டோடும் குளத்தில் இறங்கப் பல ஹோட்டல்கள் விடுவதில்லை. உடம்பு மறைக்கும் நீச்சல் உடை அணிய விரும்பும் பெண்கள் அதற்கு அனுமதி உண்டா என்று ஹோட்டலிடம் முன்பே கேளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி.

11. வெளியே போகும்போது

மதினா எனப்படும் பழைய நகரச் சந்தையில் ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். "என்னைத் தெரியவில்லையா, உங்கள் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன், இன்று லீவு" என்பார். கையில் கட்டியிருக்கும் ஹோட்டல் பட்டியைப் பார்த்துத்தான் பேசுகிறார். இன்று மட்டும் விசேஷச் சந்தை என்று ஒரு கம்பளக் கடைக்குக் கூட்டிப்போவார். நன்றி சொல்லி நடந்துகொண்டே இருங்கள், நின்றால் முடிந்தது. பட்டியைச் சட்டைக் கைக்குள் மறைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

மல்லிகை விற்பவர்களிடம் மட்டும் நில்லுங்கள். விரியாத மொட்டுகளைப் பறித்து, புல் ஈர்க்கில் ஒவ்வொன்றாகச் செருகி, நூல் சுற்றிக் கையடக்கச் செண்டாகக் கட்டியிருப்பார்கள். பெயர் மஷ்மூம். அங்கே ஆண்கள் அதைக் காதில் செருகிக்கொண்டு நடப்பார்கள். இரவு முழுக்க அறை மணக்கும். நம் பெண்களுக்கு அதைப் பார்த்ததும் முகமே மாறிவிடும்.

மஞ்சள் டாக்சியில் நாலு பேர்தான். மீட்டர் போடச் சொல்லுங்கள். பகலில் கட்டண எண் 1, இரவு ஒன்பதுக்குப் பிறகு 2, அது ஒன்றரை மடங்கு. பகலிலேயே 2 ஓடினால் சுட்டிக்காட்டுங்கள். கூட்டமாகப் போகச் சாரதியோடு சிறு பேருந்து பிடிப்பதே மலிவு. சூஸிலிருந்து எல் ஜெம் உரோமர் அரங்கு ஒரு மணி நேரம்தான், நடக்க முடிந்த பெரியவர்களையும் கூட்டிப்போகலாம். சகாரா இரண்டு நாள் பயணத்துக்கு விடியமுன் எழும்ப வேண்டும், பெரும் பகுதி பேருந்துக்குள்தான் கழியும். சின்னப் பிள்ளைகளோடு நான் போகமாட்டேன்.

பொலிஸ், இராணுவம், அரச கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். எல்லோருடைய தொலைபேசியிலும் இந்த எண்கள் இருக்கட்டும்: பொலிஸ் 197, அம்புலன்ஸ் 190, தீயணைப்பு 198.

12. திரும்பும் நாள்

அறையை நண்பகலில் விட வேண்டும், விமானம் இரவில் இருக்கும். குளிக்கவும் முதியவர்கள் சாயவும் பொது அறை ஒன்று தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். காசு கட்டி இரண்டு அறையை மாலை வரை வைத்துக்கொண்டாலும் கூட்டத்துக்குப் பிரித்தால் சின்னத் தொகைதான்.

மிச்ச டினாரைக் கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்னால் ரசீதோடு மாற்றுங்கள். ஒலிவ் எண்ணெயும் ஹரிஸா டின்னும் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் இருந்தால் சோதனையில் பறித்துவிடுவார்கள். இறைச்சியும் பாற்பொருட்களும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. பழைய இடிபாடுகளின் வாசலில் யாராவது உரோமர் காலத்து நாணயம் என்று நீட்டினால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் காசு போகும். உண்மையானது என்றால் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது கூட்டம் முழுவதும் காத்து நிற்க வேண்டிவரும்.